நின்று சாப்பிட்ட பந்திக்கு எவ்வளவு இனாம்

எங்கள் கல்யாணச் சாப்பாட்டை எல்லோரும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தவர் என் கணவர். அப்போது நிச்சயம் மட்டும்தான் முடிந்திருந்தது. அவர் சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். அங்கே பெரிய அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றபோது ஓட்டல் ஒன்றில் விருந்து வைத்திருக்கிறார்கள். மேசைமேல் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட, அவரவர் வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தியபடி நடந்தும் பேசியும் சாப்பிட்டார்களாம். அதற்குப் பஃபே என்று பெயராம். அந்த ஒரு விருந்து அவரை என்னவோ செய்துவிட்டது. ஊருக்கு வந்ததும் அவருடைய அப்பாவிடம், "நம்ம கல்யாணத்துல பந்தியே வேணாம். பஃபே வெச்சிடலாம்" என்றாராம். என் மாமனார், "பேர் நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அது எல்லை பிரித்த வருஷம். எங்கள் ஊர் சத்தியவேட்டுப் பக்கம். ஆரணியாற்றங்கரையில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அதுவரை சென்னை ராஜ்யத்தில் இருந்த எங்களை ஆந்திராவில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திருத்தணிப் பக்கம். ஆந்திரா தனியாகப் போனதிலிருந்து அதில் இருந்த அவர்களைச் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர்கள் ஆந்திராக்காரர்கள், நாங்கள் சென்னைக்காரர்கள். நாள் குறித்தபோது எல்லாம் தலைகீழ். யாரும் வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஆனால் கல்யாணம் யார் ஊரில் என்ற பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. என் நைனா, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் ஊர்க் கோயிலில்தான் என்றார். மாமனார் திருத்தணி மலையில்தான் என்றார். கடைசியில் என் அம்மாதான், "ரெண்டு பேரும் சும்மா இருங்க. திருப்பதில வெச்சிக்கலாம். பெருமாளு ரெண்டு பேருக்கும் பொது" என்று முடித்துவைத்தாள். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வது என்று பேசினார்கள். இனாம் என்ற ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வைகாசியில் முகூர்த்தம். காலையில் மலைமேல் தாலி கட்டி, சாமி பார்த்துவிட்டு, பஸ்ஸில் கீழே இறங்கி வந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா சொன்னார்கள். மத்தியானச் சாப்பாடு திருப்பதியில் ஒரு ஓட்டலின் மாடிக் கூடத்தில். கீழே தினமும் இலை போட்டுச் சாப்பாடு நடக்கிற ஓட்டல்தான். மாடியில் பஃபே நடப்பது அவர்களுக்கும் அதுதான் முதல் தடவை. என் கணவர் முன்னாலேயே வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போயிருந்தார். இலை மிச்சம், ஆள் மிச்சம் என்று மேனேஜருக்கும் பிடித்திருந்தது.

கூடத்தின் ஒரு கோடியில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக அதில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் நீளமாக மேசைகள், மேலே வெள்ளைத் துணி. பித்தளை அண்டாக்களில் சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், வடை, பாயசம். ஜாங்கிரி ஒரு பெரிய தாம்பாளத்தில் மலை மாதிரி இருந்தது. மாமனார் பங்காருபாளையத்திலிருந்து இரண்டு கூடை மாம்பழம் வரவழைத்திருந்தார், அந்த வாசனை கூடம் முழுவதும் நிறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் சர்வர்கள் நான்கு பேர், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பரிமாறக் கூடாது, நிற்க மட்டும் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. நால்வரில் மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், நெற்றியில் குங்குமம், தோளில் ஒரு துண்டு. தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசுவார். அவர் என் கணவரிடம் வந்து, "சார், தட்டு எல்லாம் எந்தப் பக்கம் பெட்டாலி?" என்று வைக்க வேண்டிய இடத்தைக் கேட்டது என் காதில் விழுந்தது. இவர் ஏதோ யோசனையில் கையைக் காட்டினார். தட்டுகள் பாயசத்துக்குப் பக்கத்தில் போய் அடுக்கப்பட்டன.

சாப்பாடு தயார். இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம். ஒருவரும் மேசைப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சுவரோரமும் அவர்கள் ஊர்க்காரர்கள் எதிர்ச் சுவரோரமும் நின்று அந்த அண்டாக்களையே பார்த்தார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்தில் கையைப் பிடித்துக் கூப்பிடாமல் யாரும் பந்திக்கு எழுந்து போகமாட்டார்கள். கூப்பிட்டாலும் முதல் தடவை போகமாட்டார்கள். நைனா நடுவில் நின்று வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அவரிடம் போய், "மாமா, நீங்க மொதல்ல தட்டு எடுங்க. எல்லாரும் வருவாங்க" என்றார்.

"நானா?" என்றார் நைனா. "பொண்ணு வீட்டுக்காரன் நான். மொதல்ல நானே போயி கரண்டியப் புடிச்சிக்கினு நின்னா ஊர்ல என்னா பேசுவாங்க, மாப்ளே? உங்க நைனாவ எடுக்கச் சொல்லுங்க."

மாமனாருக்கு அது கேட்டுவிட்டது. "மாப்ள வீட்டுக்காரன் நானு. கூப்புடாம நான் எப்பிடிப் போறது? யாராச்சும் வாங்கன்னு சொன்னாங்களா?"

"இது பஃபே, யாரும் கூப்பிடமாட்டாங்க. அதுதான் இதுல விசேஷம்" என்றார் என் கணவர். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. புதுப்பெண் சிரிக்கக் கூடாது என்பதால் மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மூத்த சர்வர் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நேரே நைனாவிடம் வந்து இரண்டு கைகளையும் கூப்பி, "ரண்டி, பெத்தவாரு, சாப்பாட்டுக்கு வாங்க" என்றார். அப்படியே திரும்பி மாமனாரிடமும் கைகூப்பி அதையே சொன்னார். இரண்டு சம்பந்திகளையும் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துக்கொண்டு போனார். பிறகு திரும்பி வந்து ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட ஆரம்பித்தார். வயதானவர்களை 'பெத்தவாரு' என்றார், பெண்களை 'அம்மா' என்றார், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் மேசையைக் காட்டினார். அவர் வீட்டுக் கல்யாணம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

கூட்டம் நகர்ந்துவிட்டது. ஆனால் தட்டு இருந்தது பாயசத்துக்குப் பக்கத்தில். எல்லோரும் முதலில் பாயசத்தை வாங்கி, ஜாங்கிரியை வைத்து, அதன் மேல் ரசம் ஊற்றி, கடைசியில் சாதத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் சாப்பாடு என்றால் தண்ணீர் டம்ளரை எந்தக் கையில் பிடிப்பது? என் மாமனார் டம்ளரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிறிது நேரம் சமாளித்தார். பிறகு பேசாமல் சுவரோரம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து நைனாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மீதிப் பாதி, இது பஃபே என்று கேள்விப்பட்ட இளவட்டங்கள், தட்டும் கையுமாக அங்கும் இங்கும் நடந்து ஒருவர்மேல் ஒருவர் சாம்பார் கொட்டிக்கொண்டார்கள்.

சர்வர்கள் நால்வரும் வாளிகளை எடுத்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குக் குனிந்து பரிமாறினார்கள். நின்றவர்களுக்கு நின்றபடி பரிமாறினார்கள். நடந்தவர்கள் பின்னால் நடந்துகொண்டே பரிமாறினார்கள். இவ்வளவுதான் என்று கணக்கு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று தெரிந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் கூச்சத்தை விட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பதினைந்து வடைக்கு மேல் தின்றதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். கொட்டியதைத் துடைக்க ஒரு சர்வர் தனியாகத் துணியோடு திரிந்தார். யார் முகத்திலும் கோபமே இல்லை. இந்தக் கூத்தைப் பற்றிப் பேசியே இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரோடொருவர் கலந்துவிட்டார்கள்.

எனக்குப் பசி உயிர் போயிற்று. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆசீர்வாதம் செய்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் எழுந்து எழுந்து கும்பிட்டேன். என் கணவரை யாரோ எப்போதோ இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அந்த மூத்த சர்வர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அம்மாயி, தின்னாவா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா பெண்ணே என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

சிறிது நேரத்தில் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக் கொண்டுவந்தார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு என்னை உட்காரவைத்தார். துண்டை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் திரை மாதிரி நின்றார். யாரோ ஆசீர்வாதம் செய்ய வந்தபோது, "பொண்ணு சாமி கும்பிட்டுக்கினு இருக்குது, ரெண்டு நிமிசம்" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜாங்கிரியைத் தின்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஜாங்கிரி தின்றிருக்கிறேன், அந்த ருசி வரவில்லை.

எல்லாம் முடிந்து புறப்படுகிற நேரம் வந்தது. மாமனார் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டே, "அந்தப் பசங்களுக்கு இனாம் எவ்ளோ குடுக்கலாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்பா" என்றார் என் கணவர். "பஃபேல டிப்ஸ் கெடையாது. பரிமாறினாத்தான் டிப்ஸ். நம்மளே எடுத்துச் சாப்பிட்டா அவங்களுக்கு வேலயே இல்லயே."

என் அம்மா மாப்பிள்ளை முன்னால் பேசாதவள். அன்றைக்குப் பேசிவிட்டாள். "வேலயே இல்லயா? என் பொடவயில கொட்டின ரசத்த அந்தாளு மண்டி போட்டுத் தொடச்சாரு, மாப்ளே. இலை போட்டிருந்தா நாலு வாட்டி நடந்துட்டுப் பூடுவாங்க. இன்னிக்கு அவங்க ஓடின ஓட்டத்துக்கு மலைக்கே ஏறிப் போயிருக்கலாம்."

"அதான் பார்த்தேனே" என்றார் மாமனார். "நான் குடுக்கறேன்."

"அதெப்பிடி, சம்மந்தி?" என்றார் நைனா. "திருப்பதி ஆந்திராவுல கீது. நான் இப்ப ஆந்திராக்காரன். எங்க ராஜ்யத்துக்கு வந்துட்டு நீங்க இனாம் குடுத்தா எனக்கு மரியாதயா?"

"நீ ஆந்திராக்காரனா? நேத்து வந்தவன் நீ. ஆந்திரா ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதுல இருந்தவன் நானு. நீ வர்றதுக்காக நான் எழுந்து எடம் விட்டிருக்கறேன்."

"எடம் விட்டுட்டீங்க இல்ல? அப்ப செலவையும் வுட்ருங்க."

இரண்டு பேரும் குரல் ஏறாமல்தான் பேசினார்கள், ஆனால் ஒருவரும் விடுவதாக இல்லை. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி போய், யார் கொடுப்பது என்பதே பேச்சாகிவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது என்று அம்மா அதட்டவே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். நைனா கை கழுவ வேண்டும் என்று கீழே போனார். மாமனார் செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனார். என் கணவர் மேனேஜரிடம் கணக்கு முடிக்கப் போனார்.

நாங்கள் வாசலுக்கு வந்து குதிரை வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். மூத்த சர்வர் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் உள்ளங்கையில் மூன்று நோட்டுகள் இருந்தன.

"அய்யா, மன்னிக்கணும்" என்றார். "ஒரே கல்யாணத்துக்கு மூணு இனாம் வந்திச்சி. கிணத்தண்ட ஒருத்தர் குடுத்தாரு, யாருக்கும் சொல்லாதன்னாரு. மாடிப்படியில ஒருத்தர் குடுத்தாரு, அவரும் சொல்லாதன்னாரு. ஆபீசு ரூம்ல ஒருத்தர். நான் எங்கயும் இப்பிடிப் பாக்கல. எது நெஜமான இனாம்னு செப்பண்டி, மத்தத திருப்பிக் குடுத்துர்றேன்."

நைனா வானத்தைப் பார்த்தார். மாமனார் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். என் அம்மாதான் முதலில் சிரித்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நோட்டுகளைப் பார்த்தால் இரண்டு ஐந்து ரூபாய், ஒன்று பத்து ரூபாய். அந்தக் காலத்தில் பத்து ரூபாய் பெரிய காசு.

"ஐஞ்சு என்னுது" என்றார் நைனா.

"ஐஞ்சு என்னுது" என்றார் மாமனார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், பஃபேல இனாம் கெடயாதுன்ன?" என்றார் மாமனார்.

"பஃபேல கெடையாதுதான்" என்றார் இவர். "இது பஃபேயே இல்லயேப்பா."

நைனா அந்தச் சர்வரின் விரல்களைத் தானே மடித்து நோட்டுகளை மூடினார். "மூணும் நெஜந்தான். நீங்க நாலு பேரும் எடுத்துக்குங்க, உள்ள சமைச்சவங்களுக்கும் குடுங்க" என்றார். சர்வர் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே ஓடினார். இலையில் கட்டி நூல் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "வழியில பசிக்கும், அம்மாயி" என்றார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ பஃபே பார்த்துவிட்டேன். இப்போது திருப்பதியிலும் சித்தூரிலும் அது இல்லாத கல்யாணமே இல்லை. பெரிய ஓட்டல்களில் பிறந்தநாள் என்றும் அறுபதாம் கல்யாணம் என்றும் பிள்ளைகள் அழைத்துப் போகிறார்கள். பில் வந்ததும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சு வருகிறது. நாமே எடுத்துப் போட்டுக்கொண்டதற்கு எவ்வளவு வைப்பது, இலைச் சாப்பாட்டுக்கு வைப்பதில் பாதி போதாதா என்று மகன் கேட்பான். நான் சுற்றிலும் பார்ப்பேன். எச்சில் தட்டை எடுத்தவர் யார், தண்ணீர் கொண்டுவந்தவர் யார், குழந்தை கொட்டியதைத் துடைத்தவர் யார் என்று முகம் பார்த்துவிட்டு, இலைச் சாப்பாட்டுக்கு வைப்பதையே வை என்பேன். குறைத்து வைக்க எனக்குக் கை வராது. என் கணவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் எழுந்து வரும்போது நாங்கள் வைத்ததற்குப் பக்கத்தில் அவரும் ஏதாவது வைத்துவிட்டு வருவார்.

அன்றைக்கு ரயிலில் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறினோம். புத்தூர் வரை எங்கள் வீட்டார் கூட வந்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கடலை விலை ஆந்திராவில் நல்லதா, சென்னை ராஜ்யத்தில் நல்லதா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். வாடா போடா என்று பேசுகிற அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். புத்தூரில் அம்மா இறங்கும்போது நான் அழுதேன், அவளும் அழுதாள். நைனா பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாக மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும் வரை விடவில்லை. "ஆடி மாசம் வர்றேன், சம்மந்தி. இலை போட்டு வெச்சிடு" என்றார்.

வண்டி நகர்ந்தது. வெயில் தாழ்ந்து நகரி மலைகள் நீலமாகத் தெரிந்தன. மாமனார் சாய்ந்து தூங்கிவிட்டார். என் கணவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டியதிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் என் மடியில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"சாப்ட்டேன். சுவத்தப் பாத்துக்கினு" என்றேன். "நீங்க?"

அவர் தூங்குகிற அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து ரகசியம் மாதிரிச் சொன்னார். "எனக்கு எங்க நேரம்? தட்ட எங்க வெக்கறது, இதுக்கு என்னா பேரு, நின்னுக்கினு துன்னா வயித்துக்கு ஆவுமான்னு ஆளாளுக்குக் கேட்டுக்கினே இருந்தாங்க. காத்தாலேர்ந்து ஒண்ணுமே துன்னல."

சிரித்துவிட்டேன். இந்தத் தடவை முகத்தை மறைத்துக்கொள்ள மாலை இல்லை, அவர் பார்த்துவிட்டார். அவரும் சிரித்தார். பொட்டலத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து நூலை அவிழ்த்தேன். நான்கு வடை, கொஞ்சம் புளியோதரை, இரண்டு ஜாங்கிரி. இலையை அவர் பக்கமாகத் தள்ளினேன்.

"நீயே எடுத்து வெய்யி" என்றார்.

நான் எடுத்து வைத்தேன். நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து, ஏகாம்பரகுப்பம் வருவதற்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.